பச்சை டிக்கும் அக்காவின் நெற்றியும்

"இனிமே என் வகுப்புல நான் வாயே திறக்க மாட்டேன். கருவி பேசும், பிள்ளைங்க பேசுவாங்க. ஆறே மாசத்துல அத்தனை பேரும் ஜெர்மன்ல பொரிஞ்சு தள்ளுவாங்க. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்."

பதினெட்டு டேப்லெட்டுகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிய அன்று, ஜெர்மன் வாத்தியார் இப்படி முழங்கினார். கேட்டவர், பயிற்சி மையத்தை நடத்தும் அவருடைய அக்கா.

"சும்மா உட்கார்றது உனக்குப் புதுசா என்ன" என்றார் அக்கா.

சும்மா உட்காரும் திருப்பணி எளிதாக இல்லை. முதல் வாரம் கடவுச்சொல்லில் கரைந்தது. இரண்டாம் வாரம் மைக்குகள் பக்கத்து பெஞ்சின் குரலைக் கேட்டு மதிப்பெண் போட்டன. வாயே திறக்காத ஒருவர் தொண்ணூற்றிரண்டு வாங்கினார். வாத்தியார் மேஜை மேஜையாக ஓடி, ஒயரைப் பிடுங்கிச் சொருகி, சட்டை நனைய உழைத்தார். ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஜெர்மனில் ஒரு வார்த்தை பேசவில்லை. டேப்லெட்டைத் திட்டியதெல்லாம் தமிழில்தான்.

முன் பெஞ்சில் ஒரு நர்ஸ். வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று வேலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. வரும் வெள்ளிக்கிழமை மூன்றாவது தேர்வு. அதையும் கோட்டை விட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். கருவியிடம் மட்டும் அவர் புலி. வாக்கியம் சொல்வார், திரையில் பச்சை டிக் விழும், அடுத்ததைச் சொல்வார்.

செவ்வாயன்று அக்காவே நோயாளியாக உட்கார்ந்து மாதிரித் தேர்வு வைத்தார். அவரும் ஒரு காலத்தில் ஜெர்மன் கற்பித்தவர். எங்கே வலிக்கிறது என்று நர்ஸ் அழகாகக் கேட்டார். கேட்டுவிட்டு அக்காவின் நெற்றியையே பார்த்தார். அக்கா பதில் சொன்னார். நர்ஸ் அதே கேள்வியை மறுபடி கேட்டார், சொல் சொல்லாகப் பிய்த்து, இன்னும் சத்தமாக.

"என் நெத்தியில என்னம்மா இருக்கு?"

"டிக் வரலையே மேடம். தப்பா சொல்லிட்டேனோன்னு..."

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இதைத்தான் சொல்லிக் கொடுத்தியா?"

"சாஃப்ட்வேர் பழசு அக்கா. புதுசு போட்டா சரியாயிடும்."

"என் நெத்திக்கா?"

புதன்கிழமை புதுசு போட்டார். பதினெட்டுத் திரைகளிலும் ஒரே வட்டம் சுழன்றது. பதினான்கு சதவீதம். டீ குடித்துவிட்டு வந்தார், பதினான்கு. தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று திரை கெஞ்சியது.

"சார், இன்னும் நாளைக்கு ஒருநாள்தான்."

"இதோ வந்துடும்மா."

"மூணு மணியிலேருந்து இதோதான் சார்." நர்ஸ் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

வாத்தியார் கையிலிருந்த டேப்லெட்டை மேஜையில் வைத்தார். பெஞ்சில் நீட்டிப் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் முனகினார். நர்ஸ் கேள்வி கேட்டுவிட்டு வழக்கம்போல் நெற்றியைப் பார்த்தார். வாத்தியார் கைக்குட்டையால் நெற்றியை மூடிக்கொண்டார். மாத்திரை வேண்டாம் என்றார். வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்து ஓடப் பார்த்தார்.

பத்து வருட ஆஸ்பத்திரி அனுபவம் அதைப் பொறுக்கவில்லை. அசையாமல் படுங்கள், ஊசி போட்ட கை அது என்று நர்ஸ் ஜெர்மனில் அதட்டினார், நெற்றியைப் பார்க்காமலே. இலக்கணம் கொஞ்சம் நொண்டியது. வாத்தியார் திருத்தவில்லை, பதிலுக்குச் சண்டை பிடித்தார். அன்று மாலையும் மறுநாள் முழுவதும் அவருக்கு ஏழெட்டு நோய்கள் வந்து போயின, ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனில் அலறினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்ஸ் போனில் அழைத்து, தேறிவிட்டதாகச் சொன்னார். அக்கா போனைத் தம்பியிடம் நீட்டினார். வாத்தியார் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"தொண்டைக்கு என்னடா ஆச்சு?"

அவர் உப்புத் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு கொப்பளிக்கப் போனார்.