மாமன் மடியில் மட்டும்

பெயின்டர், வேலை முடிந்து வந்தால் நேராக மகளிடம் போக மாட்டார். குழாயடியில் நின்று மண்ணெண்ணெயால் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடைதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

மகள் சிட்டுவுக்கு நான்கு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. கை கால்களில் குறையில்லை, அவற்றுக்கு மூளையிலிருந்து போகும் உத்தரவுதான் தாறுமாறாகப் போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது பெயின்டருக்குப் புரிந்தது. தன் குரல் கேட்டதும் அந்த உடம்பு ஏன் கட்டையாகிறது என்பதுதான் புரியவில்லை. முதுகு வில்லாக வளையும். கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும். கைகள் முறுக்கிக்கொண்டு பின்னால் போகும், வாய் கோணும். தூக்கினால் நழுவிவிடுவாளோ என்று பயந்து மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மச்சினன் மடியிலோ அதே பிள்ளை துவைத்த துணிபோலத் துவண்டு கிடந்தாள். அவனுக்கு இரவுக் காவல் வேலை. தூங்கி எழுந்ததும் அக்கா வீட்டுக்கு வந்து, சிட்டுவை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பான். அவன் ஊட்டினால் கிண்ணம் காலியாகும். பெயின்டருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கொடியில் கிடந்த மச்சினன் சட்டையை மாட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் மகளருகே உட்கார்ந்தார். பொத்தான் எட்டாமல் தொப்பை துருத்திக்கொண்டிருந்தது. சிட்டு திரும்பிப் பார்த்தாள். உடம்பு விறைத்துக்கொண்டது.

"என்னங்க இது கூத்து?" மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாசலில் நின்ற மச்சினனும் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது. "மாப்ள, உனக்குன்னு ஒரு வீடு இருக்குல்ல? எப்பப் பாரு இங்கதான் கிடக்கணுமா?"

அவன் முகம் சுண்டிப்போனது. "சரி மாமா," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் அதன்பின் வரவில்லை. மனைவியும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

சிட்டுவைக் கை கால் பயிற்சிக்குத் தூக்கிப் போவது மச்சினன் வேலையாக இருந்தது. இப்போது அது பெயின்டர் தலையில் விழுந்தது. பாயில் பிள்ளையைப் படுக்கவைத்து முட்டியை மடக்கிக்கொண்டிருந்த பயிற்சியாளரம்மாவிடம் அவர் கேட்டே விட்டார்.

"இவளுக்கு என்னைக் கண்டாலே ஆகல மேடம். மாமன்கிட்ட மட்டும் பூ மாதிரி இருக்கா."

"வெளிய போய் நின்னு பேசிக்கிட்டே உள்ள வாங்க," என்றார் அந்தம்மா.

வந்தார். பிள்ளை விறைத்தாள்.

"வாயைப் பார்க்காதீங்க. கண்ணைப் பாருங்க."

பார்த்தார். கோணிய முகத்தில் கண்கள் அவர்மேலேயே பளபளத்தன.

"இவ உங்ககிட்ட கையை நீட்ட நினைக்கிறா. அந்த நினைப்பு வந்ததும் எல்லாத் தசையும் ஒண்ணா இழுத்துக்குது. சந்தோஷம், பயம், வலி எது வந்தாலும் இப்படி இறுகும். எதனாலன்னு நாமதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். தூங்கினா தளர்ந்துடும்."

"அப்ப மாமன்?"

"அவர் தினமும் மணிக்கணக்காப் பக்கத்துலயே இருக்கறவர். அவரைப் பார்த்து இவளுக்குப் புதுசா என்ன ஆசை வரப்போகுது?"

பெயின்டருக்கு அது தேனாக இனித்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினார்.

விறைத்த பிள்ளையை இழுத்துப் பிரிக்கக் கூடாது என்று அந்தம்மா செய்து காட்டினார். இடுப்பையும் முட்டியையும் மெதுவாக மடக்கி, முதுகை நெஞ்சோடு அணைத்து, கைகளை முன்னால் கொண்டுவந்து, அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். பெயின்டர் காத்திருந்தார். கொஞ்சங்கொஞ்சமாகப் பிடி விட்டது. சிட்டுவின் தலை அவர் தோளில் சாய்ந்தது.

மறுநாள் அவரே மச்சினன் வீட்டுக்குப் போனார்.

"வா மாப்ள. உங்க அக்கா என்னோட பேசவே மாட்டேங்குறா."

பல நாள் கழித்து அக்கா வீட்டுக்குள் வந்த மச்சினன் "சிட்டு" என்று கூப்பிட்டான். பிள்ளையின் முதுகு வில்லாக வளைந்தது, கால்கள் பின்னிக்கொண்டன. முன்பு ஒருநாளும் அவனிடம் அப்படி ஆனதில்லை. அவன் மிரண்டுபோய்ப் பின்வாங்கினான்.

"மாமா, இவளுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சா?"

பெயின்டர் மகளின் கண்களைப் பார்த்தார். பளபளத்தன. பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்கியது. ஆமாம் என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான்.

"பயப்படாத. முட்டியை மடக்கிப் பிடி," என்றார் கடைசியில், சுவரைப் பார்த்தபடி. "உன்னைப் பார்த்த சந்தோஷம்தான்."