வாயைத் திறக்காத வாசகர்கள்

தொலைக்காட்சியில் நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீரியலைத் திடீரென்று முடித்துவிட்டார்கள். மாசமாக இருந்த கதாநாயகி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். உடனே சுபம் என்று போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நானே எழுதுகிறேன் பார் என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு, கதை படிக்கிற செயலி ஒன்றில் வாரம் ஒரு பகுதியாகப் போட ஆரம்பித்தேன். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை. நான் எழுதுவது வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

முதல் ஐந்தாறு பகுதிகளுக்குக் கமெண்ட் கொட்டியது. மல்லிகை மொட்டுப் படம் வைத்திருந்த ஒரு வாசகி பக்கம் பக்கமாக எழுதுவார். அடுத்து இதுதான் நடக்கும் என்று ஊகமும் சொல்வார். பத்தாம் பகுதிக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பதினைந்தாம் பகுதிக்கு வந்தது ஒரு 'சூப்பர்', ஒரு கும்பிடு. ஆனால் படித்தவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. இத்தனை பேர் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

ஆபீசிலும் குவார்ட்டர்ஸிலும் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டு வளைவில் போய் நின்றால்தான் கிடைக்கும். மூடுபனியில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஆபீசில் விசாரித்தார்கள்.

காரணம் தேடினேன். காய்ச்சலில் ஒரு வாரம் போடாமல் விட்டதாலா? "அடுத்த பகுதி எப்போ?" என்று மட்டும் கேட்ட ஒருவருக்கு, இது ரேஷன் கடை இல்லை என்று வெடுக்கென்று பதில் போட்டதாலா? அவரிடம் மன்னிப்பும் கேட்டேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதை அறுக்கிறதோ என்னவோ என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்கு டீ கிடைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை, பெருமைதான் இருந்தது. வாசகர் ஊகித்தது கதையில் நடக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள் என்று மல்லிகை மொட்டு எழுதினால், அண்ணன் வீட்டைப் பூட்டிவிடுவேன். புருஷன் குன்னூர் ஸ்டேஷனில் அவளைப் பிடித்துவிடுவான் என்று எழுதினால், அவன் வருகிற வழியில் மண் சரிந்துவிடும்.

பதினெட்டாம் பகுதியில் பிரசவம். குழந்தையைச் சாகடித்தால் திட்டுவதற்காவது வாயைத் திறப்பார்கள் என்று முடிவு செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. எழுதி முடித்து, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் படபடப்புத் தாங்காமல், பிரஷர் பார்க்க எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். நர்ஸ் கோத்தகிரி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேஜை மேல் கிடந்த அவருடைய போனில் என் பதினேழாம் பகுதி திறந்திருந்தது. மூலையில் அந்த மல்லிகை மொட்டு. தெரியாதவள் மாதிரி, நல்ல கதையா சிஸ்டர் என்று கேட்டேன்.

"கதை நல்லாத்தாங்கக்கா இருக்குது. முன்னெல்லாம் நெறைய எழுதிப் போடுவேனுங்க. இப்ப நிறுத்திட்டேன்."

ஏன் என்றேன்.

"நான் எதைச் சொன்னாலும் அடுத்த வாரம் அதுக்கு நேர்மாறா நடக்குதுங்க. எனக்குக் கருநாக்கோ என்னமோ. கொழந்தை நல்லபடியாப் பொறக்கோணும்னு எழுதலாம்னு தோணுது. எழுதினா அதுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குதுங்க."

இந்தக் கதையைக் கூடப் படிக்கிறவர்களும் அப்படித்தானாம். பிரசவம் முடிகிறவரைக்கும் யாரும் எதுவும் எழுதுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறார்களாம். பிரஷர் கூடத்தான் இருக்கிறது, நாளைக்கும் வாங்க என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்தார். கோத்தகிரியில் இறங்கியதும் முதல் வேலையாக இன்றைய பகுதியைப் படிக்க வேண்டும் என்றார்.

எழுதுவது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் போனதும் வளைவுக்கு ஓடினேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய், டவரும் படுத்துவிட்டது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் அப்படியும் இப்படியும் நடந்தேன். இலை ஏற்றிவந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, ஏதாவது பிரச்னையா என்று கேட்டார். குழந்தை என்று ஆரம்பித்தேன், ஒன்றுமில்லை என்று முடித்தேன். ஆறு மணி தாண்டியது. ஆறு இருபதுக்குத்தான் சிக்னல் வந்தது.

பகுதி வெளியாகியிருந்தது. அழிக்கப் போனபோதுதான் கீழே ஒரு கமெண்ட் இருப்பதைப் பார்த்தேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு மல்லிகை மொட்டு எழுதியிருந்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."