ஆரஞ்சுச் சரமும் அந்துருண்டையும்

அந்த வீட்டில் மூத்தவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். வைத்தது தங்கை புருஷன். கேலிக்கு வைத்தாலும் பொருத்தமாகத்தான் வைத்தான். பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தால் இவள் இங்கிருந்தே குரல் கொடுப்பாள். ஒருமுறை கேஸ் கசிகிறது என்று மாடியில் இருந்தவர்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டாள். அவளைத் திட்டிக்கொண்டே இறங்கியவர்கள், கசிந்தது உண்மை என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் மூக்கை நுழைக்காத விஷயம் அந்தத் தெருவில் கிடையாது என்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன குளிர்காலக் கடைசியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டரிடம் போனாள். "வந்தா வரும், வரலைன்னா பழகிக்கோங்க" என்றார். இவ்வளவு அழகாக ஆறுதல் சொல்ல அவர் தனியாகப் படித்திருக்க வேண்டும்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. தங்கை அப்போதுதான் உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறந்தால் பெரியம்மாதான் பார்த்துக்கொள்வாள் என்று பேசி முடித்திருந்தார்கள். மோப்பக்காரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கும் பட்டறையிலேயே காலத்தைத் தள்ளியவள், பாப்பாவுக்காக அந்த வேலையையும் விட்டுவிட்டாள். இப்போது பாப்பா பிறந்து, வரும் திங்கட்கிழமை தங்கை வேலைக்குத் திரும்புகிறாள். அதற்குள் விஷயம் வெளியே வந்தால்? அடுப்பில் கருகுவது தெரியாதவளிடம் கைக்குழந்தையை எந்தத் தாய் விட்டுப் போவாள்? பாப்பா தன் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தாள்.

ஆண்டுதோறும் குளிர் தொடங்கி ஜன்னல்களைச் சாத்தியதும் வீட்டுக்குள் ஓர் அடைசல் வாடை வரும். அதற்கென்றே அவள் ஒரு சரம் கட்டி முன்னறை ஜன்னலில் தொங்கவிடுவாள். வட்டவட்டமாக அரிந்து அடுப்புச் சூட்டில் உலர்த்திய ஆரஞ்சு, இடையிடையே பட்டை, பிரிஞ்சி இலை, கிராம்பு குத்திய குட்டி எலுமிச்சை.

"இந்த வருஷம் சரம் கட்டலையாக்கா? பாப்பாவுக்கு முதல் குளிர்காலம்" என்றாள் தங்கை.

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். தங்கையும் புருஷனும் பாப்பாவைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன அன்று உட்கார்ந்தாள். முன்பெல்லாம் ஆரஞ்சு காய்ந்ததா என்று அவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த அறையில் இருந்தாலும் மூக்கு சொல்லிவிடும். இந்த முறை அடுப்படியை விட்டு நகராமல் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டுகூடக் கருகவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுவந்த மெழுகு நூலில் கோத்தாள். எத்தனை கனத்தையும் தாங்குகிற நூல். ஊசி பிடித்துப் பழகிய கை என்பதால் சரம் கோணல்மாணல் இல்லாமல் வந்தது. ஜன்னலில் கட்டிவிட்டு, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தங்கை புருஷன் உள்ளே காலெடுத்து வைத்ததுமே நின்றான்.

"என்ன அண்ணி, பழைய பீரோ எதையாவது திறந்து போட்டுட்டீங்களா? அந்துருண்டை வாடை ஆளைத் தூக்குது!"

சரத்துக்குப் பக்கத்தில் போய் முகர்ந்தான். "அட, இதுதான்! ஆரஞ்சை அந்துப்பூச்சி அரிச்சிடுமா என்ன?" விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் நூல்கண்டுகள் கம்பளித் துணிகளோடு, அந்துருண்டை போட்ட பெட்டியில்தான் கிடக்கும். வருஷக்கணக்கில் அதிலிருந்து நூல் எடுத்தவள். மூக்கு இருந்தவரை, தின்கிற பொருளுக்குப் பக்கத்தில்கூட அந்த நூலைக் கொண்டுபோயிருக்க மாட்டாள்.

"பூச்சி வரக் கூடாதுன்னுதான்" என்று அவளும் சிரித்து வைத்தாள்.

தங்கை சிரிக்கவில்லை. தூங்கும் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவையே பார்த்தாள். புருஷன் முகம் கழுவப் போனதும் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, கண்ணை மூடு."

"எதுக்குடி?"

"மூடேன்."

மூடினாள். முகத்தருகே எதையோ நீட்டுவது தெரிந்தது. "என்ன இது?" என்றாள் தங்கை.

சரத்துக்கு வாங்கியதில் மீந்தவை மேசைமேல் கிடந்தன. "கிராம்பு" என்றாள், குருட்டாம்போக்கில்.

"சரி, இது?"

இப்போது வந்தது வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புத் தட்டில் விட்ட ஆரஞ்சாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"ஆரஞ்சு. இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?"

கண்ணைத் திறந்தாள். மூக்குக்கு நேர் கீழே பாப்பாவின் உச்சந்தலை இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள் தங்கை.

"நீ உண்டான சமயத்துலேர்ந்து."

"அன்னிக்குப் பாத்திரம் தீஞ்சு வீடெல்லாம் புகையா இருந்துச்சே. அசந்து தூங்கிட்டேன்னு சொன்னியே?"

"தூங்கல. இந்த அறைலதான் இவளைக் கொஞ்சிக்கிட்டு இருந்தேன். தெரியல."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மூத்தவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசையில் அதன் உயிரோடு விளையாடியிருக்கிறாள். தங்கை வாயிலிருந்து அது வருவதற்குள் தானே சொல்லிவிட்டாள்.

"திங்கக்கிழமை என்கிட்ட விட்டுட்டுப் போகாதடி."

இல்லை அக்கா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கை சொல்லவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள் மூத்தவள். "எல்லாரும் இவ தலையை மோந்து பாத்துட்டு 'ஆகா'ங்கறீங்க. நானும் கூடச் சேந்து 'ஆகா'ங்கறேன். அது எப்படிடி இருக்கும்?"

தங்கை குனிந்து முகர்ந்தாள். "பால் மாதிரி... இல்ல, பால் இல்ல. வெயில்ல காஞ்ச துணி... அதுவும் இல்லக்கா. எப்படிச் சொல்றது? பாப்பா வாசனை. உனக்கே தெரியும்ல?"

"தெரியாதுடி" என்றாள் மூத்தவள்.