மும்பையில் இரண்டு மியூசியங்களும், நான் சொன்ன ஒரு 'பார்க்கலாம்'மும்

அலுவலக வேலையாகச் செம்பூரில் மூன்று நாள். வேலை புதன்கிழமையோடு முடிந்துவிட்டது. சென்னைக்குத் திரும்பும் ரயில் வெள்ளிக்கிழமை காலை. நடுவில் வியாழன் முழுக்க எனக்கே எனக்கு. மும்பையில் ஒரே நாளில் இரண்டு பெரிய மியூசியங்களைத் தனியாளாகப் பார்க்க முடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். முடியும். எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எழுத்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தாராவியில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பெரியம்மா மகள், பெயர் செல்வராணி. படித்து முடித்து வேலை தேடி வந்த காலத்தில் எட்டு மாதம் அவள் வீட்டில்தான் கிடந்தேன். பத்துக்குப் பத்து அறையில் அக்கா, அத்தான், கைக்குழந்தை, கூடவே நான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அத்தான் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்போது நான் போகவில்லை. அடக்கம் முடிந்த பிறகு போன் செய்து, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்தத் தடவையும் பார்க்காமல் வந்தால் இனி அவளிடம் போனில் பேசக்கூட எனக்கு வாய் இருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், காலையை மியூசியத்துக்கும் மாலையில் மிஞ்சுவதை அக்காவுக்கும் என்று பிரித்து வைத்தேன் பாருங்கள், அங்கேயே புத்தி கெட்டுவிட்டது.

புதன் மாலை போன் செய்தேன்.

"நாளைக்கு என்ன சோலி ஒனக்கு? வீட்டுக்கு வருவியால?" என்றாள்.

"நாளைக்கு மியூசியம் பாக்கப் போறேங்க்கா. ஃபோர்ட்ல இருக்கே, குண்டு கோபுரம் வச்ச பெரிய மியூசியம். பத்தேகாலுக்குத் தெறப்பாங்களாம்."

"நானும் இந்த ஊருக்கு வந்து முப்பது வருசமாச்சு. அது வழியா பஸ்ல போயிருக்கேன், உள்ள போனதில்ல."

"பாக்கலாம்க்கா" என்றேன்.

"சரிடே" என்று உடனே வைத்துவிட்டாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. வழக்கமாக இன்னும் நாலு கேள்வி கேட்பவள் ஆயிற்றே என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வியாழன் காலை எட்டரைக்கு லாட்ஜிலிருந்து கிளம்பினேன். அங்கே வரவேற்பில் இருக்கும் பாலக்காட்டுக்காரர், போகிற வருகிற எல்லாருக்கும் யோசனை சொல்கிற ரகம். "ஃபோர்ட் மியூசியமா? காலம்பற போகாதேங்கோ ஸார். ஸ்கூல் கொழந்தைகள்லாம் பஸ் பஸ்ஸா வந்து எறங்குவா. மொதல்ல பைகுல்லா போங்கோ, மத்யானத்துக்கு மேல அங்க போகலாம்" என்றார். நல்ல யோசனைதான், உங்களுக்கும் சொல்கிறேன். நான் அப்படியே வரிசையை மாற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

செம்பூரிலிருந்து ஹார்பர் வண்டியில் குர்லா, அங்கே மாறி ஸ்லோ வண்டியில் பைகுல்லா. டிக்கெட் பத்து ரூபாய், காத்திருப்பையும் சேர்த்து ஐம்பது நிமிடம். குர்லாவில் பாலம் ஏறி இறங்க வேண்டும், முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பைகுல்லா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் மிருகக்காட்சிசாலைத் தோட்டம். மியூசியம் அதன் வாசலை ஒட்டியே இருக்கிறது. புதன்கிழமை விடுமுறை, கவனம். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன்.

சின்ன மியூசியம்தான், ஆனால் அவசரப்படக் கூடாத இடம். தங்க வேலை செய்த தூண்கள், பச்சை நிறக் கூரை, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விரல் உயர மண் பொம்மைகள். இந்த ஊரில் யார் யார் என்னென்ன வேலை செய்து பிழைத்தார்கள் என்று ஒவ்வொரு பொம்மையும் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது படகு மாதிரிகள். பாய்மரக் கயிறுகளைக்கூட விட்டுவைக்காமல் கட்டியிருக்கிறார்கள். வெளியே தோட்டத்தில் ஒரு பெரிய கல் யானை நிற்கிறது, அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். இரண்டரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

மியூசியத்துக்குள் நுழைந்தால் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவது என் வழக்கம். பழைய பதிவுகளில் உங்களுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தால், அக்காவிடமிருந்து ஆறு அழைப்பு. சாப்பிட வா என்று கூப்பிடத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எடுத்துப் பேசினால் மறுக்க முடியாது, போனால் ஃபோர்ட் மியூசியம் போச்சு. அதனால் திருப்பிக் கூப்பிடவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன்: போனைக் கையில் வைத்து யோசித்து, வேண்டுமென்றேதான் பைக்குள் போட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு வடா பாவ், அரை கிளாஸ் அளவில் ஒரு கட்டிங் சாயா. மறுபடி வண்டி ஏறி வி.டி. பலகையில் வேறு பெயர் இருக்கும், வண்டிக்குள் இன்னமும் பாதிப் பேர் வி.டி. என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து மியூசியம் இரண்டு கிலோமீட்டருக்குள். டாக்சிக்காரர் நூறு ரூபாய் கேட்டார். "மீட்டர் போடுங்க பாய்சாப்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார், நாற்பதுக்குள் முடிந்தது. இரண்டு மணிக்கு வாசலில் நின்றேன். நுழைவுச்சீட்டு நூற்றைம்பது. பள்ளிக்கூடப் பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன. பாலக்காட்டுக்காரர் வாக்கு பலித்தது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் சுற்றினேன். கீழே கற்சிற்பங்கள், மேலே சிற்றோவியங்கள், அதற்கும் மேலே சீனப் பீங்கான்கள். கால் வலிக்கு நடு மண்டபத்து மரப்பெஞ்சு போதும். நேரம் குறைவாக இருந்தால் பீங்கானை விட்டுவிட்டு சிற்பங்களைப் பாருங்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரு சிற்பத்தின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

ஐந்தேகாலுக்குக் கிளம்பி, மாட்டுங்காவில் இறங்கி அரைக் கிலோ நேந்திரங்காய் வறுவலும் காப்பிப்பொடியும் வாங்கினேன். வெறுங்கையோடு போகக் கூடாதில்லையா. அடுத்த ஸ்டேஷன் சயான். மேற்கே இறங்கிப் பதினைந்து நிமிட நடை, தாராவி. தெருவை மறந்திருப்பேன் என்று பயந்தேன், கால் மறக்கவில்லை. ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டினேன்.

திறந்தது அக்கா மகள் ஷீபா. அன்றைக்குக் கைக்குழந்தை, இன்றைக்கு ஒரு பேங்க் கால் சென்டரில் வேலை. அப்போதுதான் வீடு வந்திருந்தாள்.

"வாங்க மாமா. மியூசியம் எப்பிடி இருந்துச்சு? மம்மி குச் பீ, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா. ரெண்டு பேரும் எடுத்த ஃபோட்டோ காட்டுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. மொதல்ல தண்ணி குடு."

கோயிலுக்குக் கட்டுகிற நல்ல சேலையில் இருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"நீதானல சொன்ன, பாக்கலாம்னு. சரி, ரெண்டு பேருமா மியூசியம் பாக்கலாம்னு சொல்லுதான்னு நெனச்சேன். கம்பெனில லீவு போட்டுட்டு பத்து மணிக்கே போயிட்டேன்."

நான் சொன்ன 'பார்க்கலாம்' வேறு. வீட்டுக்கு வர முடிந்தால் வருகிறேன், முடியாவிட்டால் இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் சொல்கிற பார்க்கலாம் அது. நம் எல்லார் வீட்டிலும் புழங்குகிற சொல்தான். அதை ஒருத்தி சொன்னபடியே நம்பிவிட்டாள்.

"எத்தன மணி வரைக்கும்க்கா நின்ன?"

"ஒன்றர இருக்கும். கருவாட்டுக் கொழம்பும் சோறும் கொண்டுபோயிருந்தேன். வாசல்ல ஒக்காந்து தின்னுட்டு வந்துட்டேன். வாச்மேன் நல்ல மனுசன், ஒண்ணும் சொல்லல."

"உள்ள போயிப் பாத்திருக்கலாம்லக்கா?"

"ஒத்தைக்கு என்னத்தப் பாக்க? நீ படிச்சவன், இது இன்னதுன்னு சொல்லித் தருவன்னுல்லா வந்தேன்."

நாளைக் காலை போகலாமா என்று கேட்க வாய் எடுத்தேன், என் ரயில் நினைவுக்கு வந்தது. நான் நெளிவதைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். "போட்டும்டே. எனக்கு ஒனக்காகக் காத்துக் கெடக்கது பழக்கந்தான். ஒங்க அத்தான் அடக்கத்தன்னைக்கும் ஃபாதர் ரெண்டு மட்டம் கேட்டாரு, எடுத்துரலாமான்னு. தம்பி வரப் பாக்கேன்னு சொல்லியிருக்கான் ஃபாதர்னு அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்தேன்."

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படியே எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள். மத்தியானம் மிஞ்சிய கருவாட்டுக் குழம்புதான். எட்டரைக்குக் கிளம்பினேன், தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தங்கினால் இரண்டு மியூசியத்துக்கும் ரயிலே போதும். பைகுல்லாவை முதலில் முடியுங்கள். செலவு எல்லாம் சேர்த்து ஐந்நூறைத் தாண்டாது. போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லி இத்தனை நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், அதிர வையுங்கள். உறவுக்காரர்கள் யாராவது அந்த ஊரில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பது வருஷம் அங்கேயே இருந்தும் உள்ளே போகாதவர்கள் நிறையப் பேர்.

ஷீபாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அக்கா எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாள். இந்தப் பதிவை இன்றைக்கு அவளுக்கு அனுப்பப் போகிறேன், நேரில் சொல்ல அன்றும் வாய் வரவில்லை என்பதால்.

அக்கா, அத்தான் இறந்த அன்றைக்கு டிக்கெட் இருந்தது. அழுகிற உன்னைப் பார்க்கப் பயந்துகொண்டு நான் எடுக்கவில்லை. நீ அஞ்சு மணி வரைக்கும் வைத்திருந்தபோது நான் சென்னையில் வீட்டில்தான் இருந்தேன்.