படுதா கட்டாத ஜீப்

கச்சிராயபாளையத்தில் மழை பிடித்ததும் மற்ற வண்டிக்காரர்கள் படுதாவை இறக்கிக் கட்டுகிறார்கள். கவுஸ் பாய் மட்டும் கட்டியிருந்த படுதாவை அவிழ்த்துச் சுருட்டுகிறார். மருந்துப் பெட்டிகளுக்கு ஒரு பாலிதீன் தாள், நர்ஸ் பெரியநாயகிக்கு ஒரு குடை. "நனஞ்சா காஞ்சிடும்மா" என்பதோடு சரி. பார்ப்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

கல்வராயன் மலைக்கு வாராவாரம் மருந்து கொண்டுபோகும் தொண்டு நிறுவனத்து ஜீப் அது. கவுஸ் பாயின் குடும்பத்துக்குக் கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார இவருக்குத்தான் உடம்பு வளையாது. மலைப்பாதையில் எதிரே ஈ, காக்கை இல்லாவிட்டாலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார். "வந்துக்கினு இருக்கோம்னு சொல்லிட்டுதான் போவணும். சத்தமில்லாம வர்ற வண்டின்னா இங்க சந்தேகம் ஜாஸ்தி."

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ஒருமுறை மழையில் நிற்கிறார்களே என்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார். இரண்டு பேரும் மப்டி போலீஸ். படுதாவுக்குள் ஒளிந்துபோய்ச் சாராய ஊறலை உடைத்தார்கள். அடுத்த வாரம் காட்டுக்குள்ளிருந்து கல் பறந்தது. பெரியநாயகியின் நெற்றித் தழும்பு அன்று வந்ததுதான். ஜீப் பல மாதம் மலையேறவில்லை. அந்தச் சமயத்தில் டோலி கட்டித் தூக்கிவந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பாதி வழியில் செத்துப்போனாள். அதைச் சொல்லும்போது மட்டும் கவுஸ் பாய் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வாரம் கொட்டும் மழையில், அடிவாரத்து டீக்கடையில், லுங்கி கட்டிய ஒருவர் ஜீப்பில் கை வைத்தார். ஒட்ட வெட்டிய கிராப்பே ஆள் யாரென்று சொல்லிவிட்டது.

"கரியாலூர்ல எறக்கி வுட்டுடு."

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க ஒருநாள் போய்ட்டு வந்துடுவீங்க. நாங்க அடுத்த வாரமும் போவணும்."

"லைசென்ஸ எடு."

கவுஸ் பாய் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "வரும்போது வாங்கிக்கிறேங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

டீக்கடையில் இருந்தவர்களில், போலீஸ்காரர் ஜீப்பில் கை வைத்ததை மட்டும் பார்த்தவர்களும் உண்டு. மலையில் சேதி ஜீப்பைவிட வேகமாக ஏறும். சில வளைவு தாண்டியதும் புதருக்குள்ளிருந்து சீழ்க்கை கேட்டது. பெரியநாயகியின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்க பாய். போயிடலாம்."

கவுஸ் பாய் இன்ஜினை அணைத்தார். இறங்கிப்போய்ப் பின்கதவை அகலத் திறந்தார். பெட்டிகளுக்குப் பின்னால் ஆள் பதுங்கியிருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று பாலிதீன் தாளையும் உருவினார். பிறகு பெரியநாயகியிடமிருந்து குடையை வாங்கி, மருந்துப் பெட்டிகளின்மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி புதரைப் பார்த்து நின்றார்.