காக்காவின் துஆவும் என் ஆமீனும்

உயிரைக் கொடுத்தவனும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டவனுமான அல்லாஹ்வுக்கே புகழ் எல்லாம். எங்கள் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது.

மாவடிப்பள்ளியில் வேளாண்மைக் குடும்பமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அவர். நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே வாப்பா மௌத்தானார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் கல்யாணம். வாப்பா இல்லாததால் அந்தப் பாரம் காக்காவின் தலையில் விழுந்தது. அக்கரைப்பற்றில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக எனக்கொரு வீட்டை எழுப்பினார். தன் கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "முதல்ல தங்கச்சிட வீட்டுக்கு ஓடு ஏறட்டும்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். ஓடும் ஏறியது, என் கல்யாணமும் நடந்தது. அவருக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரத்தில்தான் ஆலையில் நெல் அவிக்கும் பொயிலர் வெடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை உம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் போயிற்று. மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. உதடுகள் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன. கைகளில் விரல்கள் மிஞ்சவில்லை. பேசி வைத்த பெண்ணை விட்டுவிடும்படி அவரே சொல்லியனுப்பினார். தான் கட்டிய வீட்டின் முன்னறையில், சோறு ஊட்டிவிடவும் ஆள் வேண்டியவராகக் கிடந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க" என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தே பேசிவிட்டு, பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் அவர்கள் வாசலைத் தாண்டியதும் காக்கா சொன்னார்: "இந்த ஃபேனுக்கு எவ்வளவு சொந்தக்காரர் பாத்தியா, தங்கச்சி!" நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்பே, "நான் இரிந்து என்ன பிரயோசனம், சொல்லு பாப்பம்" என்றார்.

"உம்மாவுக்காக இரிங்க" என்று சொல்லிவந்தேன். உம்மாவும் மௌத்தான பிறகு, "எனக்காக இரிங்க காக்கா" என்றேன். "உனக்கு நான் என்னத்துக்கு? எனக்கு ஊட்டி, கழுவி, நீதான் எலும்பாப் போயிட்டாய்" என்றார். 

மௌத்தை ஆசைப்படுவது மார்க்கத்தில் ஆகாது என்பதில் காக்கா கவனமாக இருந்தார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுத பிறகு, விரலில்லாத கைகளை ஏந்தி ஒரே துஆவைத்தான் கேட்பார். "யா அல்லாஹ், இரிக்கிறது எனக்கு நலவெண்டா இரிக்க வை. போறது நலவெண்டா எடுத்துக்கொள்." முதல் பாதி முடிந்ததுமே நான் அவசரமாக ஆமீன் சொல்லிவிடுவேன்.

"பாதியிலயே கதவச் சாத்திப்போட்டாய். மத்தப் பாதிக்கும் சொல்லு புள்ள" என்பார்.

"அடுப்புல சோறு கொதிக்குது" என்று எழுந்துவிடுவேன்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவருடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மிஞ்சிய கண்ணால் என்னையே பார்த்தார். அவருக்காக நானே துஆவைக் கேட்டேன். இரண்டு பாதியையும் சொன்னேன். ஆமீனும் சொன்னேன். மஃரிபுக்கு முன்பே போய்விட்டார்.

ஜனாஸாவுக்கு வந்தவர்களுக்கும், ஆலையில் அவரோடு வேலை செய்த நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் அவரைத் தாங்கிய என் கணவருக்கும் நன்றி. காரைதீவிலிருந்து வந்து, தாடி முளைத்த ஒரேயொரு கன்னத்தைச் சீராக்கி, முகத்தைப் பார்த்தே அவரோடு ஊர்க்கதை கதைத்த சலூன்கார அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் வரும் நாளில் காக்கா காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காக்காவுக்கு எது நலவாக இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நீங்கள் அவருக்காகத் துஆச் செய்யும்போது சுவர்க்கத்தைக் கேளுங்கள். என்னால் அதை ஒழுங்காகக் கேட்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அஸர் முடிந்து அந்த முன்னறையைத் தாண்டும்போது, "இரிக்க வை" என்றுதான் இன்னமும் என் வாய் சொல்கிறது. ஆமீனும் சொல்லிவிடுகிறேன்.