கடல் ஒத்துக்கொள்ளாதவள்

கடலின் ஆழம் பார்க்கும் அளவைப் படகில் அவளை எல்லோரும் எலுமிச்சை என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் படகில் கால் வைத்ததே இல்லை. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைத் தாண்டும்போது வயிற்றைப் புரட்டும். பழத்தை முகர்ந்து பார்ப்பாள், பலிக்காது. ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடங்குவாள்.

குறித்த இடங்களில் குப்பியை இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். உப்பு எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் கருவியையும் கவனிக்க வேண்டும். படகோட்டி அதிகம் பேச மாட்டார். அவள் முகம் வெளுத்தால் மட்டும் வேகத்தைக் குறைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

"ஆச்சாம்மா?"

"ஆச்சுண்ணே, போலாம்."

இப்படியே வருஷங்கள் ஓடின. புதிதாக வந்த அதிகாரி மனசு கேட்காமல் அவளை வரைபட அறைக்கு மாற்றினார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. படகிலிருந்து வரும் ஆழக் கணக்கைக் கணினியில் ஏற்றி, மேட்டுக்கு வெளிர்நீலம், பள்ளத்துக்குக் கருநீலம் என்று நிறம் கொடுக்கும் வேலை. தையற்காரரான அவள் கணவருக்கு ஏக சந்தோஷம். "இப்பதான் மனுஷி மாதிரி சாப்பிடுற" என்றார். உடம்பு தேறியதில் அவள் சட்டைகளை அவரே பிரித்து அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

மனசுதான் தேறவில்லை. படகில் தன் இடத்துக்கு வந்தவரை வாசலிலேயே மடக்குவாள்.

"முகத்துவாரத்துல தண்ணி என்ன நிறமா இருந்துச்சு?"

"தண்ணி நிறமாதான் இருந்துச்சு."

அன்றைக்கு முழுக்க எரிந்து விழுவாள்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் கேட்டார். "ரொம்ப நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க. என்னதான் குறை உனக்கு?"

"படகுக்கே போகணும்ங்க."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "வாந்தி எடுக்கறதுக்கா?"

"அதுவும் வரும். என்ன செய்யறது?"

அவர் சிரிக்கவில்லை. "போய்க் கேட்டுப் பாரு. இங்க உக்காந்து என் உசிரை வாங்காத."

அதிகாரி ஆச்சரியப்பட்டார். "உங்களுக்குத்தான் கடல் ஒத்துக்காதேம்மா?"

"ஒத்துக்காதுதான் சார். ஆனா பிடிச்சிருக்கு."

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி படகேறினாள். முகத்துவாரத்தில் வழக்கம்போல் குனிந்தவள், நிமிர்ந்து கருவியைப் பார்த்தாள். அவளே கருநீலம் தீட்டிய பள்ளம் அது. இப்போது இடுப்பளவு ஆழம்கூட இல்லை.

"அண்ணே, நிறுத்துங்க! அடியில மணல் ஏறிக் கிடக்கு!"

வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய திட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, குறுக்கும் நெடுக்குமாகப் போய் அளந்தார்கள். நடுவில் இன்னொரு முறை ஓரத்துக்கு ஓடினாள். துறைமுகத்துக்குத் தகவல் போயிற்று. மீன்பிடிப் படகுகள் விலகிப் போகும்படி மிதவைகள் போட்டார்கள். பாடுபட்டு அவள் வரைந்த படம் ஒரே நாளில் பழசாகிவிட்டது. அவளுக்கோ தலைகால் புரியாத குஷி.

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் பக்கத்தில் நின்றபடியே மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"பசிக்குதா?"

"கொலைப் பசி."

அவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.